உங்களுக்குத் தெரியுமா? ஆரணியில் தொடங்கும் மூதாதையர் தேடல்

ஆரணிக்கும் அமெரிக்க விடுதலைப் போருக்கும் என்ன உறவு?

பட்டுச்சேலைக்குப் பேர்போன ஆரணியில் ஒரு காலத்தில் அமெரிக்கப் பாதிரிமார் குடியிருந்தார்கள். 1853இல் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் தம் தம்பிகளுடன் சேர்ந்து தொடங்கிய அமெரிக்கன் ஆற்காடு மிஷன் ராணிப்பேட்டை, வேலூர், சித்தூர் என்று விரிந்தபோது ஆரணியும் அதன் நிலையங்களில் ஒன்றானது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இந்தக் குடும்பத்துப் பெண்தான். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர்.

ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1793இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்ட் ஊரில் பிறந்தார். 1819இல் மனைவி ஹேரியட்டுடன் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார். 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய தாத்தா நதானியேல் ஸ்கடரும் டாக்டர்தான். அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை எதிர்த்துக் கூட்டிய கண்டப் பேராயத்தில் உறுப்பினராக இருந்தவர். 1781 அக்டோபரில் பிரிட்டிஷ் ஆதரவாளர்களுடன் நடந்த மோதலில் குண்டடிபட்டு இறந்தார். பேராய உறுப்பினர்களில் போரில் உயிர்விட்டவர் அவர் ஒருவரே.

அவர் இறந்த எட்டாம் மாதம், 1782 ஜூனில், ஆரணிக் கோட்டை அருகே ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் ஹைதர் அலியும் மோதினார்கள். பிரான்ஸ் அமெரிக்காவின் பக்கம் சேர்ந்ததால் மூண்ட பகைதான் இங்கேயும் மைசூர்ப் போருக்கு எண்ணெய் வார்த்தது. ஐடாவின் கொள்ளுத்தாத்தாவின் அப்பா அங்கே அந்தப் போரில் மாண்டிருக்க, அதே போரின் இன்னொரு முனையான ஊருக்கு அவர் வம்சத்தார் மிஷனரிகளாக வந்து சேர்ந்தது சரித்திரம் போட்ட முடிச்சு.

நானூறு ஆண்டுக்கு முன்னால் போக முடிந்தது எப்படி?

ஸ்கடர் குடும்பத்தின் கொடிவழி நதானியேலோடு நிற்பதில்லை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து கடல் கடந்து, 1640களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் ஊரில் குடியேறிய தாமஸ் ஸ்கடர் வரை அது போகிறது. (நம்ம சேலம் இல்லை, அங்கேயும் ஒரு சேலம் உண்டு.) 1657இல் இறப்பதற்கு முன் அவர் ஓர் உயில் எழுதிவைத்தார். அதில் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், இறந்துபோன மகனின் பிள்ளையான பேரன் பெயர் எல்லாம் இருக்கின்றன. அந்த ஒரு தாள் மூன்று தலைமுறையைக் கட்டிவைத்துவிட்டது. பிள்ளைகள் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குப் போனதையும், அவர்கள் வாரிசுகள் நியூ ஜெர்சிக்கு நகர்ந்ததையும் நிலப் பத்திரங்களும் தேவாலயப் பதிவேடுகளும் சொல்லிவிடுகின்றன.

தாமஸ் ஸ்கடர் ராஜா இல்லை, பிரபு இல்லை. சாதாரணக் குடியேறி. ஆனாலும் இன்று அவர் வம்சத்தார் தனியே ஒரு குடும்பச் சங்கம் வைத்திருக்கிறார்கள். உயிலில் பிள்ளைகளின் பெயரை ஒருவர் எழுதியதும், அந்த உயிலை ஓர் அலுவலகம் பத்திரப்படுத்தியதும்தான் அடிப்படை. இந்தப் பகுதி முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்: தேடல் சாத்தியமாவது பெரிய வம்சத்தால் அல்ல, எழுதிவைத்த அப்பா பெயரால்.

102 பேர்

1620இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த பயணிகள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிப் பேர் இறந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்களின் வழித்தோன்றல்கள் 1897இல் ஒரு சங்கம் கண்டார்கள். அதில் சேர, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புக்கு ஆதாரம் காட்ட வேண்டும். ‘எங்க பாட்டி சொல்லுவாங்க’ என்பது அங்கே செல்லாது. வம்சாவளி ஆய்வுக்கென்றே அமெரிக்காவில் தோன்றிய மிகப் பழைய சங்கம் பாஸ்டனில் 1845இல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது.

அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை 72 ஆண்டு கழித்து யாரும் பார்க்கலாம். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. இந்தியாவில் அப்படி இல்லை. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரம் ரகசியம். மொத்த எண்ணிக்கைதான் வெளியே வரும். உங்கள் பாட்டன் 1931 கணக்கெடுப்பில் ஆரணியில் ஒரு தலையாக எண்ணப்பட்டிருப்பார். அவர் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

அமெரிக்க மண்ணில் பதிவான முதல் இந்தியர்

சென்னைப் பட்டணம் உருவானது 1639இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1635இல், வர்ஜீனியாவின் ஒரு நிலப் பதிவில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒருவர் வருகிறார். வட அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆவணங்களில் இதுவரை தெரிந்த முதல் இந்தியர் அவர்தான். ஜார்ஜ் மெனிஃபி என்ற நிலக்கிழார், தான் செலவழித்துக் கொண்டுவந்த ஆட்களுக்கு ஈடாக நிலம் கேட்டுக் கொடுத்த பட்டியலில் அவர் ஒரு வரி.

டோனி என்பது யாரோ வைத்த பெயர். அப்பா பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. அவருக்குப் பிள்ளை குட்டி இருந்து, அந்த வம்சம் இன்றும் வர்ஜீனியாவில் வாழ்ந்தாலும், தங்கள் வேர் இந்தியா என்று அவர்களால் காட்ட முடியாது. 22 ஆண்டு கழித்து உயில் எழுதிய தாமஸ் ஸ்கடரையும் இவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இன்னொரு துணுக்கு

பாஸ்டனில் 1649இல் பிறந்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான். சிறுவயதிலேயே இறந்த அவருடைய மகனின் கல்லறை சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நின்றது.

ஆரணியில் யாருடைய கொடிவழி எழுதப்பட்டது?

ஜாகீர்தாருடையது. 17ஆம் நூற்றாண்டில் ஷாஹாஜி போன்ஸ்லேயிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராத்திய அதிகாரிக்கு ஆரணி ஜாகீராகக் கிடைத்தது. அவர் வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக அதை ஆண்டார்கள். ஊரையொட்டிய சத்திய விஜய நகரத்தில் அவர்கள் கட்டிய அரண்மனை இருக்கிறது. 1881இல் காக்ஸ் எழுதி, பிறகு ஸ்டூவர்ட் திருத்தி வெளியிட்ட வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் அந்த வம்சத்தின் வரலாறு வரிசையாக வருகிறது.

இங்கே பாளையமிறங்கிய வெள்ளைக்காரர்களுக்கும் எழுத்து உண்டு. 1790இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லிக்கு ஆரணியில் நினைவுச்சின்னமே இருக்கிறது. சென்னை மாகாணத்தில் இருக்கும் இப்படிப்பட்ட கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் ஊர் ஊராகத் தொகுத்து 1905இல் புத்தகமாகப் போட்டார். லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் தன் முப்பாட்டன் எந்த ஊரில் புதைந்தார் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

தறியில் உட்கார்ந்தவருக்கு?

மாதிரித் துணியில் இருந்த விவரமும் இல்லாத விவரமும்

இன்று ஆரணி என்றால் பட்டு. புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆரணியின் மஸ்லினும் பேர்பெற்றது. மெல்லிய பருத்தித் துணி. டாக்கா மஸ்லினோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட சரக்கு. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளாக்கி, இங்கிலாந்து ஆலை முதலாளிகள் பார்த்துப் போட்டி போடட்டும் என்று ஊர் ஊராக அனுப்பினார். அத்தகைய தொகுப்புகளில் துணியின் நீளம், அகலம், எடை, எந்த ஊர்ச் சரக்கு என்பதெல்லாம் எழுதியிருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது.

இது அப்போது வந்த வழக்கமும் அல்ல. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குஜராத்தின் லாட நாட்டிலிருந்து புறப்பட்டு அங்கே குடியேறிய பட்டு நெசவாளர் கூட்டம் கி.பி. 436-37இல் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும், 473இல் அதைப் புதுப்பித்ததையும் சொல்லும் கல்வெட்டு. வந்த இடத்தில் சிலர் வில்வித்தைக்கும் சிலர் சோதிடத்துக்கும் மாறிவிட்டார்கள் என்றுகூட அதில் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சௌராஷ்டிரர்கள், ஆரணியில் தறி போட்டவர்கள் உட்பட, தங்கள் பழைய வரலாற்றை இதனோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அந்தக் கல்வெட்டுப் பாடலை எழுதிய கவிஞர் வத்ஸபட்டி என்று பெயரோடு நிற்கிறார். பொருள் கொடுத்த நெசவாளர்களோ பெயரில்லாத கூட்டமாக நிற்கிறார்கள்.

இன்னொரு நெசவாளர் சமூகமான செங்குந்தர், அதாவது கைக்கோளர், கதையும் இப்படித்தான். சோழர் கல்வெட்டுகளில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ என்று படைப்பிரிவுகளே வருகின்றன. இன்று கொசப்பாளையத்திலோ முள்ளிப்பட்டிலோ தறி நெய்கிற ஒருவர், அந்தப் படையில் இருந்தவர்களில் என் பாட்டன் இன்னார் என்று காட்ட வழியில்லை. ஆயிரம் ஆண்டுப் பெருமை கையில் இருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய பாட்டன் பெயர் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவதுதான் குடும்ப வரலாற்றின் வேலை. நம் வீடுகளிலேயே அதற்குச் சாமான் கிடக்கிறது.

மொய் நோட்டு ஓர் ஆவணம்

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். அடுத்த பக்கத்திலிருந்து ஊர், பெயர், தொகை. 40 வயதான மொய் நோட்டு ஒன்றைப் பிரித்து உட்காருங்கள். தாய்மாமன் வரிசை தனியாக, பங்காளிகள் தனியாக, சம்பந்தி வீட்டார் தனியாக எழுதியிருப்பார்கள். ‘ஒண்ணுபுரம், இன்னார் மகன் இன்னார்’, ‘தேவிகாபுரம் சின்ன மாமனார்’ என்று உறவையும் ஊரையும் சேர்த்தே குறித்திருப்பார்கள். ஐந்து ரூபாய் எழுதியவர் ஏன் வந்தார், எந்த வழியில் உறவு என்று வீட்டில் 75 வயது ஆள் யாரையாவது கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு கிளை இருக்கும். திருப்பிச் செய்தாகிவிட்டது என்று பழைய நோட்டை எடைக்குப் போடுகிற பழக்கத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகிய என்று ஒரே மூச்சில் மூன்று தலைமுறை வந்துவிடும். கீழே பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று பட்டியல் வேறு.

தலைக்கட்டு வரி

குலதெய்வக் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வசூலித்த நோட்டுகள் பல பங்காளி வகையறாக்களிடம் இருக்கின்றன. மகன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் அவன் பெயர் புதிதாக ஏறும். அப்பா இறந்ததும் அவர் பெயர் போய்விடும். ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினால் குடும்பம் பிரிந்த காலம் தானாக வெளியே வரும். ஆரணிப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் படவேடு ரேணுகாம்பாள் குலதெய்வம். வெளியூரில் குடியேறிய கிளைகள் ஊர்ப் பெயரை மறந்தாலும் குலதெய்வத்தை மறப்பதில்லை. காணாமல்போன பங்காளியைக் கண்டுபிடிக்க, ஆடி மாதத்தில் அங்கே போய்க் கேட்பது நல்ல வழி.

மூலப்பத்திரத்தில் ஒளிந்திருக்கும் அண்டை வீட்டார்

வீட்டுப் பத்திரத்தைக் கடன் வாங்கும்போது மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். பழைய கிரயப் பத்திரம் ஒன்று எப்படித் தொடங்கும் தெரியுமா? ‘வட ஆற்காடு ஜில்லா, ஆரணி டவுன், இன்ன தெருவிலிருக்கும் காலஞ்சென்ற இன்னார் குமாரர், நெசவுத் தொழில், இன்னாருக்கு...’ என்று தொடங்கும். வாங்கியவர், விற்றவர் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் அங்கே கிடைத்துவிடும். கடைசியில் செக்குபந்தி வரும்: கிழக்கே யார் வீடு, மேற்கே யார் மனை, வடக்கே எந்தத் தெரு. நெசவாளர் தெருக்களில் பக்கத்து வீட்டார் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார்கள். ஆக, செக்குபந்தி பாதி வம்சாவளி. சாட்சிக் கையெழுத்தையும் விடாதீர்கள். மைத்துனரும் மாமனாரும் அங்கேதான் இருப்பார்கள்.

எல்லாவற்றிலும் உசத்தி பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி அத்தனை பேரும் அதில் வரிசையாக வருவார்கள். சகோதரிகளின் பெயர் வேண்டுமென்றால் விடுதலைப் பத்திரத்தைப் பாருங்கள். பரம்பரைச் சொத்தில் உரிமை இல்லை என்று எழுதி வாங்கத்தான் பெண்களின் பெயரை எழுதினார்கள் என்பது வருத்தமான விஷயம். ஆனாலும் கட்டிக்கொடுத்த ஊரும் கணவர் பெயரும் அதில் கிடைக்கின்றன.

பத்திரம் தொலைந்துவிட்டதா? வில்லங்கச் சான்று போட்டால் பத்திர எண் கிடைக்கும். 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரம் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே இருக்கிறது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். எண் கிடைத்தால் நகல் கேட்கலாம்.

எந்த மாவட்டத்தில் தேடுவது?

ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989 செப்டம்பர் வரை அது வட ஆற்காடு. அந்த வட ஆற்காட்டுக்கு 1911 வரை தலைநகர் வேலூர் அல்ல, சித்தூர். உங்கள் பூட்டன் காலத்து வழக்கு விவகாரம் ஏதாவது இருந்தால், ஆந்திராவில் இருக்கும் ஊரின் பெயர் அதில் வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய அரசு ஆவணங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜில்லா பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டால்தான் கட்டு வெளியே வரும்.

பசலியும் தாது வருஷமும்

நிலக் கணக்கில் பசலி என்று இருந்தால் 590ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆங்கில ஆண்டு வந்துவிடும். பசலி 1430 என்றால் 2020 ஜூலையில் தொடங்கிய ஆண்டு.

ஜாதக நோட்டில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். பிரபவ என்றால் 1867, 1927, 1987 ஆகியவற்றில் ஒன்று. எது என்பதை அப்பாவின் வயதை வைத்து முடிவு செய்ய வேண்டும். ‘தாது வருஷப் பஞ்சத்துல எங்க பாட்டன் வந்தாரு’ என்று வீட்டில் யாராவது சொன்னால் அது 1876. அந்தப் பஞ்சம் வட ஆற்காட்டைக் கடுமையாக வாட்டியது. சோற்றுக்கே வழியில்லாதபோது துணி வாங்க யார் வருவார்? தறி நின்றது. உழவரும் கூலிகளும் நெசவாளரும் ஊரை விட்டார்கள். பலர் துறைமுகத்துக்கு நடந்தார்கள்.

கப்பல் பட்டியலில் அப்பா பெயர்

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம்.

அந்தக் கப்பல்களின் பட்டியலில் ஒரு வரியைக் கவனியுங்கள். குடியேறி எண். பெயர். தகப்பன் பெயர். வயது. ஆணா பெண்ணா. சாதி. ஜில்லா. தாணா, அதாவது காவல் நிலைய வட்டம், அல்லது தாலுகா. கிராமம். உடம்பில் மச்சம், தழும்பு எங்கே. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய விவரம் இது. மனிதரைச் சரக்காக எண்ணிய ஏற்பாடு. ஆனால் அந்தத் தகப்பன் பெயரும் கிராமமும் இருப்பதால்தான் இன்று டர்பனில் வாழும் ஐந்தாம் தலைமுறைப் பெண் ஒருவர் விமானம் ஏறி வந்து, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் இறங்கி, இந்தப் பெயரில் யாராவது இருந்தார்களா என்று கேட்க முடிகிறது. பெண்களுக்கும் தனி எண், தனி வரி, தகப்பன் பெயர் உண்டு. ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய அக்கா தங்கைக்கு இந்த அளவு ஆவணம் இல்லை.

அங்கே முதலியார் ‘மூட்லி’ ஆனார், கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். தேடுகிறவர்கள் எழுத்துக்கூட்டலை நம்பாமல் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

கரீபியனும் அமெரிக்காதான்

நம் ஆட்களில் ‘ஆதி அமெரிக்கர்’ யார் என்று கேட்டால், பதில் நியூ ஜெர்சி மென்பொருள் பொறியாளர் அல்ல. 1853 மே மாதம் பிரெஞ்சு மார்ட்டினிக் தீவிலும், 1854 டிசம்பரில் குவாதலூப் தீவிலும் இந்தியக் கூலிகளை இறக்கியது ‘ஒரேலி’ என்ற ஒரே கப்பல். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆள் எடுத்தார்கள். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்ட பிறகு பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்தும் முறைப்படி ஆள் போனது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்ட்டினிக்குக்கு 25,000க்கு மேல்.

குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், அங்கே பிறந்த இந்தியருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கி 1923இல் வென்றார். மார்ட்டினிக்கின் சடங்குகளில் ‘மால்தேவிலன்’ என்று வணங்கப்படும் காவல் தெய்வம் வேறு யாருமில்லை, நம் மதுரைவீரன். மாரியம்மனும் ‘மாலியேமேன்’ ஆக இருக்கிறாள். மொழி போய் நூறாண்டு ஆன பிறகும் தெய்வம் பெயரோடு நிற்கிறது.

அந்தத் தீவுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் பிரான்சின் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பதிவேடுகளும் அதே இடத்தில் கிடைக்கின்றன. காசு கட்ட வேண்டியதில்லை. பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மொரீஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனம் குடியேறிகளின் பதிவேடுகளைக் காக்கிறது. அவற்றில் பலருக்குப் புகைப்படமும் உண்டு. முகமே தெரியாத பாட்டியின் முகத்தை அங்கே பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

டி.என்.ஏ. சோதனை நமக்குப் பயன்படுமா?

ஓரளவு. ஆனால் நம் கல்யாண முறை அதைக் குழப்பும். பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இருக்க வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும் கட்டிக்கொண்டால் அவர்கள் குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி எட்டுப் பேருக்குப் பதில் ஆறு பேர்தான். சில நூறு குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த நெசவாளர் சமூகங்களில் இது தலைமுறைதோறும் நடந்திருக்கிறது. அதனால் தூரத்துச் சொந்தத்தையும் சோதனை நெருங்கிய சொந்தமாகக் காட்டிவிடும். நோட்டும் பத்திரமும் இல்லாமல் எச்சிலை மட்டும் அனுப்பிப் பிரயோசனமில்லை என்பது என் கருத்து.

இனிஷியல் என்ற சங்கிலி

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்துத்தான். அமெரிக்கத் தேடலில் ‘ஸ்கடர்’ என்ற ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு நானூறு ஆண்டு போகலாம். இங்கே ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் மாறும். இனிஷியல் விரிவு தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே தேடல் முடிந்துவிடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் மட்டும் கைகொடுக்கும்: ஒரு பெயர் கிடைத்தால் இரண்டு தலைமுறைக்கு மேலே அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமாவாசைத் தர்ப்பணம் செய்கிற வீடுகளில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்வார்கள். அம்மா வழியிலும் சொல்வார்கள். அந்த ஆறேழு பெயரையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். சொல்கிறவர் இருக்கும்போதே எழுதுங்கள்.

இந்த வாரமே செய்யக் கூடியது

ஆரணியில் ஆகட்டும், ஒண்ணுபுரத்தில் ஆகட்டும், தறி விற்றுவிட்டு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போன வீடுகளில் ஆகட்டும், மூத்தவர் ஒருவரை உட்காரவைத்துக் கேளுங்கள். அப்பாவின் அப்பா பெயர், அவர் எந்த ஊர், என்ன தறி போட்டார், எந்த மாஸ்டரிடம் கூலிக்கு நெய்தார், பாட்டி எந்த ஊர்ப் பெண், பாட்டியின் அப்பா பெயர் என்ன, குலதெய்வம் எது. போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர் என்றால் அங்கே உறுப்பினர் பதிவேட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்த தேதியும் இருக்கும். படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். மிஷன் பள்ளியில் படித்தவர் என்றால் தேவாலயப் பதிவேட்டையும் விசாரியுங்கள்.

கிடைத்ததை ஒரு நோட்டில், முழுப் பெயராக, இனிஷியலை விரித்து, பெண்களின் பெயரையும் விடாமல் எழுதுங்கள். மூன்று நகல் எடுத்து மூன்று வீட்டில் கொடுத்துவையுங்கள். பழைய மொய் நோட்டையும் பத்திர நகலையும் யாரும் எடைக்குப் போட விடாதீர்கள்.